பழைய பென்ஸ் காரின் வெற்றிடக் கதவுப் பூட்டு: கசிவைத் தேடிச் சரிசெய்யும் முறை

மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 1976இல் அறிமுகப்படுத்திய டபிள்யூ 123 வரிசைக் கார்களில், மத்தியப் பூட்டு பொருத்தப்பட்ட வண்டியாக இருந்தால், ஓட்டுநர் கதவைச் சாவியால் பூட்டியதும் மற்ற மூன்று கதவுகளும் டிக்கியும் டேங்க் மூடியும் சேர்ந்தே பூட்டிக்கொள்ளும். இந்த வேலையைச் செய்வது மின்மோட்டார் அன்று. என்ஜின் ஓடும்போது உண்டாகும் உறிஞ்சலை ஒரு கலத்தில் சேமித்து வைத்து, மெல்லிய நைலான் குழாய்களின் வழியாக ஒவ்வொரு பூட்டுக்கும் அனுப்பும் ஏற்பாடுதான் இது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பல வண்டிகளில் இது வேலை செய்கிறது என்பது அதன் எளிமைக்குச் சான்று. ஆனால் ஓரிடத்தில் கசிந்தாலும் முழு ஏற்பாடும் தளர்ந்துவிடும் என்பதால், பழுது ஓரிடத்தில் இருக்க, அறிகுறி வேறிடத்தில் தெரியும்.

இராமநாதபுரம் கடற்கரையில், தொண்டியிலிருந்து கீழக்கரை, ஏர்வாடி வரை எந்த ஊரில் இத்தகைய காரை வைத்திருந்தாலும், உள்நாட்டு ஊர்களில் இல்லாத சில தொல்லைகள் உண்டு. உப்புக்காற்று பூட்டின் இரும்புக் கம்பிகளையும் கொக்கிகளையும் அரிக்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பறக்கும் மணல் கதவின் அடித்துளைகளை அடைத்துவிடுகிறது. ஆண்டின் பெரும்பகுதி நீடிக்கும் வெயில் ரப்பர் இணைப்புகளை இறுகச் செய்கிறது. வீட்டுக்காரர் வளைகுடா நாட்டில் இருக்க, கார் மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்பதும் இப்பகுதியில் வழக்கம். அப்படி நிற்கும் வண்டிக்குள் எலி புகுந்தால் தரைவிரிப்புக்கு அடியில் ஓடும் குழாய் அதன் பல்லுக்கு இரையாகும்.

பழுதைத் தேடும்போது பெரும்பாலோர் முதலில் செய்வது கதவின் உட்புற டோர் பேடைக் கழற்றுவது. அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. பழைய கிளிப்புகள் உடையும், பேடின் அட்டை கிழியும், நான்கு கதவையும் பிரித்த பிறகு கசிவு என்ஜின் பக்கத்திலுள்ள ஒரு ரப்பர் இணைப்பில் இருந்தது தெரியவரும். காற்றை உறிஞ்சும் கைபம்பு ஒன்றும் பொறுமையும் இருந்தால், ஒரு கதவையும் திறக்காமலே கசிவு எந்தக் கிளையில் இருக்கிறது என்பதைக் கண்டுவிடலாம்.

அமைப்பு

டீசல் என்ஜினில் காற்று நுழைவைக் கட்டுப்படுத்தும் தட்டு இல்லாததால் தானாக உறிஞ்சல் உண்டாவதில்லை. ஆகவே 240 டி, 300 டி போன்ற வண்டிகளில் உறிஞ்சலை உண்டாக்க, என்ஜினால் இயங்கும் தனி வாக்குவம் பம்பு இருக்கிறது. அதிலிருந்து தடித்த குழாய் ஒன்று, பிரேக் மிதியை அழுத்துவதை எளிதாக்கும் பூஸ்டருக்குச் செல்கிறது. அந்தக் குழாயிலிருந்து கிளை பிரியும் சிறு குழாய்கள் கதவுப் பூட்டுக்கும், சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தும் வால்வுக்கும், இன்ன பிறவற்றுக்கும் உறிஞ்சலைக் கொண்டுசெல்கின்றன. பெட்ரோல் வண்டியில், என்ஜினுக்குள் காற்று செல்லும் இன்டேக் மேனிபோல்டிலிருந்தே உறிஞ்சல் எடுக்கப்படுகிறது.

பூட்டுக்கான கிளையில் ஒருவழி வால்வு ஒன்று உண்டு. என்ஜின் நின்ற பிறகு சேமித்த வெற்றிடம் பின்னோக்கி வெளியேறாமல் காப்பது அதுதான். அதைத் தாண்டி, பெரும்பாலும் டிக்கிப் பகுதியில் மறைப்புக்குப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் சேமிப்புக் கலம் இருக்கிறது. அங்கிருந்து வெற்றிடம் ஓட்டுநர் கதவிலுள்ள தலைமை வால்வுக்கு வருகிறது. ஓட்டுநர் கதவில் பூட்டை இயக்கும் ஆக்சுவேட்டர் கிடையாது. அந்தக் கதவைப் பூட்டுவது உங்கள் கை. கையின் அந்த அசைவு தலைமை வால்வைத் தள்ள, வால்வு இரண்டு குழாய்களில் ஒன்றுக்கு உறிஞ்சலைக் கொடுத்து, மற்றொன்றை வெளிக்காற்றுக்குத் திறந்துவிடுகிறது. ஒரு குழாய் பூட்டுவதற்கு, மற்றது திறப்பதற்கு. மற்றக் கதவுகளின் ஆக்சுவேட்டர்களில் டயாபிராம் என்னும் ரப்பர்ச் சவ்வின் இருபுறமும் ஒவ்வோர் அறை இருக்கும். எந்த அறையில் உறிஞ்சல் ஏற்படுகிறதோ அந்தப் பக்கமாகக் கம்பி இழுபடும்.

பூட்டுக்கான குழாய்கள் மஞ்சள் நிறத்தில், வெவ்வேறு நிறக் கோடுகளுடன் இருக்கும். சாவித் துவாரத்துக்கும் என்ஜின் நிறுத்தும் வால்வுக்கும் செல்பவை பழுப்பு நிறம். எந்தக் கோடு பூட்டுவது, எந்தக் கோடு திறப்பது என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. முந்தைய உரிமையாளரோ மெக்கானிக்கோ மாற்றிச் செருகியிருக்க வாய்ப்புண்டு என்பதால், கைபம்பால் இழுத்துப் பார்த்துக் கதவின் பூட்டுக் குமிழ் எந்தப் பக்கம் நகர்கிறது என்று அறிவதே நம்பகமானது.

அறிகுறியிலிருந்து தொடங்குதல்

என்ஜின் ஓடும்போது எல்லாக் கதவுகளும் ஒழுங்காகப் பூட்டித் திறக்கின்றன, ஆனால் இரவு நிறுத்தி வைத்துக் காலையில் வந்தால் ஓட்டுநர் கதவு மட்டுமே திறக்கிறது என்றால், சேமிப்பு இரவில் வடிந்துவிட்டது என்று பொருள். ஒருவழி வால்வு, சேமிப்புக் கலம், தலைமை வால்வு, இவற்றை இணைக்கும் குழாய் ஆகியவற்றில் ஏதோ ஒன்று கசிகிறது. வண்டி எந்த நிலையில் நிறுத்தப்பட்டிருந்ததோ அந்த நிலைக்குரிய கிளைக் குழாயும் இந்தப் பட்டியலில் சேரும். பூட்டி நிறுத்தினால் பூட்டும் குழாய் முழுவதும் இரவெல்லாம் உறிஞ்சலில் இருக்கும். திறந்து நிறுத்தினால் திறக்கும் குழாய். ஆகவே ஓர் இரவு பூட்டியும் மறு இரவு பூட்டாமலும் நிறுத்திப் பாருங்கள். ஒரு நிலையில் மட்டும் வடிகிறது என்றால், கருவி எதுவும் இல்லாமலேயே தேடும் இடம் பாதியாகக் குறைந்துவிட்டது.

எல்லாக் கதவுகளும் பூட்டுகின்றன, ஆனால் திறக்க மறுக்கின்றன என்றால் திறக்கும் குழாயிலோ, அதிலுள்ள ஏதேனும் ஒரு ஆக்சுவேட்டரின் அந்த அறையிலோ கிழிசல் இருக்கும். ஒரே ஒரு கதவு மட்டும் அடம்பிடித்து மற்றவை சரியாக இருந்தால், அது பெரும்பாலும் கசிவே அன்று. அந்தக் கதவின் கம்பியோ பூட்டோ துருப்பிடித்து இறுகியிருக்கும். நம் கடற்கரையில் இது மிகுதி. இதை அறிய ஓரிரு நிமிடம் போதும்: என்ஜினை நிறுத்தி, சேமிப்பு தீரும்வரை ஓட்டுநர் கதவைப் பலமுறை பூட்டித் திறந்துவிட்டு, ஒவ்வொரு கதவின் குமிழையும் இரு விரலால் மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். நல்ல கதவில் அது தங்குதடையின்றி நகரும். விரலுக்கே கனமாகத் தெரியும் குமிழை அந்தச் சிறிய டயாபிராம் இழுத்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

சாவியைத் திருப்பியும் டீசல் என்ஜின் உடனே நிற்காமல் சில நொடிகள் இழுத்துக்கொண்டு ஓடுகிறது, அல்லது நிற்கவே மறுக்கிறது என்பது பூட்டோடு தொடர்பில்லாத புகார்போலத் தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே மூலத்திலிருந்து உறிஞ்சல் பெறுபவை. கதவில் பெரிய கசிவு இருந்தால் நிறுத்தும் வால்வுக்குப் போதிய இழுவை கிடைக்காது. அப்படி ஒரு நாள் என்ஜின் நிற்காவிட்டால் பதற்றம் வேண்டாம். பானெட்டைத் திறந்தால் என்ஜினின் மேல்புறத்தில் நிறுத்தும் நெம்புகோல் ஒன்று ஸ்டாப் என்ற எழுத்துடன் இருக்கும். அதை அழுத்திப் பிடித்தால் என்ஜின் நின்றுவிடும். விசிறியும் பெல்ட்டும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் தொங்கும் துண்டையும் சட்டைக் கையையும் ஒதுக்கிக்கொள்வது அவசியம்.

பிரேக் மிதி வழக்கத்தைவிடக் கல்லாக இருந்தால், பூட்டை மறந்துவிட்டு அதை முதலில் பாருங்கள். என்ஜினை நிறுத்தி மிதியைப் பலமுறை அழுத்தி இறுகச் செய்து, காலை எடுக்காமல் என்ஜினை ஓடவிட்டால் மிதி சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டருக்கே உறிஞ்சல் போதவில்லை. வாக்குவம் பம்பு, தடித்த குழாய், பூஸ்டர் ஆகியவற்றைத் தேர்ந்த மெக்கானிக் பார்க்கும்வரை வண்டியைச் சாலையில் எடுக்கக் கூடாது.

கருவிகள்

கேஜ் பொருத்திய கைவாக்குவம் பம்பு ஒன்று இன்றியமையாதது. இணைய அங்காடிகளிலும் மதுரையில் கார் கருவிகள் விற்கும் பெரிய கடைகளிலும் கிடைக்கும். அதன் கேஜ் பாதரச அங்குலத்தில் அளவு காட்டும். கடல் மட்டத்தில் முழு வெற்றிடம் என்பது ஏறத்தாழ 30 அங்குலம். நாம் கடல் மட்டத்திலேயே இருப்பதால், மலையூர்க்காரர்கள் உயரத்துக்காகக் கழிக்கும் கணக்கு நமக்கு வேண்டியதில்லை. நல்ல நிலையிலுள்ள டீசல் வாக்குவம் பம்பு, என்ஜின் மெதுவாக ஓடும்போதே 20 அங்குலத்துக்கு மேல் காட்ட வேண்டும்.

இதோடு உட்துளை 4 மில்லிமீட்டர் அளவுள்ள ரப்பர் குழாய் ஒரு முழம் வேண்டும். பைக் உதிரிபாகக் கடையில் விற்கும் தடித்த சுவருள்ள குழாய் பொருந்தும். மீன்தொட்டிக்குக் காற்று அனுப்பும் மெல்லிய சிலிகான் குழாயைச் சோதனைக்குப் பயன்படுத்தலாம், ஆனால் வண்டியிலேயே விட்டுவைக்க அது ஏற்றதன்று. எண்ணெய்ப் படிவில் தளர்ந்துவிடும். குழாயை அங்குல நீளத் துண்டுகளாக நறுக்கி, ஒரு முனையில் பொருத்தமான திருகாணியை முறுக்கி ஏற்றினால் அதுவே அடைப்பான். அரை டஜன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பின்வரும் வேலை முழுவதும் இந்த அடைப்பான்களை நம்பித்தான் நடக்கிறது.

பஞ்சர் கடையில் செய்வதுபோல் சோப்பு நுரை பூசிக் கசிவைத் தேடும் எண்ணம் பலருக்கு வரும். இங்கே அது பயன்படாது. காற்று வெளியே வராமல் உள்ளே இழுக்கப்படுவதால் குமிழி எழாது. சோப்பு நீர்தான் குழாய்க்குள் போகும். கம்ப்ரசர் காற்றைச் செலுத்திப் பார்ப்பது அதைவிட மோசம். மெல்லிய டயாபிராம்கள் அந்த அழுத்தத்துக்கானவை அல்ல. ஒரு கசிவைத் தேடப்போய் நான்கை உண்டாக்கிவிடுவீர்கள்.

வேலையைத் தொடங்குமுன், ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை இறக்கி, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சோதனையின்போது கதவுகள் எதிர்பாராமல் பூட்டிக்கொள்ளும்.

பாதி பாதியாகப் பிரித்தல்

முதல் பிரிப்பு என்ஜின் அறையிலேயே. பூஸ்டர் குழாயின் கிளையிலிருந்து பூட்டுக்குச் செல்லும் மஞ்சள் குழாயைத் தேடி, அதன் ரப்பர் இணைப்பிலிருந்து பிடுங்கி, என்ஜின் பக்கத் துளையை அடைப்பானால் மூடுங்கள். நைலான் குழாயைப் பிடித்து இழுக்காமல் ரப்பரைப் பிடித்து மெல்லச் சுழற்றி எடுக்க வேண்டும். பழைய நைலான் வளைத்தால் ஒடியும். இப்போது என்ஜினை ஓடவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். இதுவரை இழுத்துக்கொண்டிருந்த என்ஜின் இப்போது சட்டென்று நின்றால், கசிவு பூட்டுப் பக்கத்தில் என்பது உறுதி. அப்போதும் இழுத்தால் பூட்டுகளின்மேல் குற்றமில்லை. பழுப்புக் குழாய்களையும் நிறுத்தும் வால்வையும் பார்க்க வேண்டும். அந்தப் பழுப்புக் குழாய்க்குள் எண்ணெய் தெரிந்தால், நிறுத்தும் வால்வின் டயாபிராம் கிழிந்து, என்ஜினுக்கு டீசலைச் செலுத்தும் இன்ஜெக்‌ஷன் பம்பின் எண்ணெயை உறிஞ்சுகிறது. அந்த எண்ணெய் குழாய் வழியே ஊர்ந்து மற்ற ரப்பர்களையும் ஊதவைக்கும் என்பதால் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

இரண்டாவதாக, அதே மஞ்சள் குழாயில் கைபம்பைச் செருகி இழுங்கள். ஒருவழி வால்வு காற்றை மூலத்தை நோக்கிப் போகவிடும், திரும்பி வரவிடாது. ஆகவே வால்வுக்கு முன்பிருந்து இழுத்தால், பம்பு சேமிப்புக் கலம் முழுவதையும் காலிசெய்ய வேண்டியிருக்கும், அதற்குப் பலமுறை அழுத்த வேண்டும். முள் நகரவில்லையே என்று பத்தாவது அழுத்தலில் கைவிட்டுவிடாதீர்கள். முள் 15 அங்குலத்தை எட்டியதும் நிறுத்தி, ஓட்டுநர் கதவைப் பூட்டித் திறந்து பாருங்கள். என்ஜின் ஓடாமலே எல்லாக் கதவுகளும் இயங்கினால், ஏற்பாடு அடிப்படையில் நலமாக இருக்கிறது, கசிவு மெதுவானது. எவ்வளவு அழுத்தியும் முள் சில அங்குலங்களைத் தாண்டாவிட்டால், கசிவு பெரியது. எங்கோ குழாய் கழன்றோ ஒடிந்தோ எலி கடித்தோ இருக்கிறது. வெடித்த குழலை வைத்து இளநீரை உறிஞ்சுவதுபோல, இழுப்பதெல்லாம் காற்றாகவே வரும்.

ஒருவழி வால்வைத் தனியே சோதிப்பது எளிது. அதைக் கழற்றி, கலத்தின் பக்க முனையில் பம்பை வைத்து இழுத்தால் முள் ஏறி நிலைத்து நிற்க வேண்டும். மறுமுனையில் வைத்து இழுத்தால் முள் ஏறவே கூடாது. கழற்றுமுன் எந்த முனை எந்தப் பக்கம் இருந்தது என்று கைப்பேசியில் படமெடுத்துக்கொள்வது நல்லது. தலைகீழாகப் பொருத்திவிட்டால் பூட்டுக்கு உறிஞ்சலே போகாது, பிறகு இல்லாத கசிவைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

மூன்றாவது பிரிப்பு டிக்கியில். மறைப்பை விலக்கிச் சேமிப்புக் கலத்தைக் கண்டு, அதன் குழாயைக் கழற்றி, கலத்தை மட்டும் தனியே இழுத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் கலம் தானாகக் கெடுவது அரிது. அதன் மூக்கில் செருகியிருக்கும் ரப்பர் வெடித்திருப்பதே மிகுதி. டிக்கிக்குள் மழைநீர் தேங்கிய தடம் இருந்தால், ஐப்பசி, கார்த்திகை மழையில் டிக்கி விளிம்பின் ரப்பர் பீடிங் வழியாக நீர் இறங்குகிறது என்று குறித்துக்கொண்டு, அதையும் தனியே கவனியுங்கள். டிக்கிப் பூட்டின் ஆக்சுவேட்டரும் டேங்க் மூடியின் ஆக்சுவேட்டரும் இங்கேயே கைக்கு எட்டும். இவ்விரண்டையும் கழற்றி அடைத்துவிட்டுக் கதவுகளை மட்டும் சோதித்தால், பல வண்டிகளில் விடை இந்த இடத்திலேயே கிடைத்துவிடும். புழுதியும் ஈரமும் அதிகம் சேரும் பின்புறத்தில் இருந்தும், யாரும் எட்டிப்பார்க்காத பகுதி இவை.

இதன் பிறகு எஞ்சியிருப்பவை தலைமை வால்வும் மூன்று கதவுகளும். அவற்றின் குழாய்கள் தரைவிரிப்புக்கு அடியில் ஓடிப் பல முனை கொண்ட ரப்பர் இணைப்புகளில் கூடுகின்றன. கதவுப்படியின் அலங்காரப் பட்டையைக் கழற்றி, விரிப்பைத் தூக்கினால் இணைப்புகள் தெரியும். ஒவ்வொரு கிளையாகப் பிடுங்கி, கைபம்பை அந்தக் கிளையில் நேரடியாகச் செருகி, 15 அங்குலம்வரை இழுங்கள். குமிழ் சட்டென்று நகர வேண்டும். நகர்ந்த பிறகு முள் ஒரு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். நிமிடத்துக்கு ஓரிரு அங்குலம் இறங்கினால் அந்தக் கிளை வடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முள் ஏறாமலே இருந்தால் அந்தக் கதவுதான் நீங்கள் தேடிய கதவு. ஒவ்வொரு கதவுக்கும் இரண்டு கிளைகள் என்பதால் இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். டயாபிராமின் உறை ஒரு பக்கம் மட்டும் கிழிவது வழக்கம்.

எல்லாக் கிளைகளும் நின்றுபிடித்தால் மீதமிருப்பது தலைமை வால்வு. வெற்றிடம் வரும் முனையில் பம்பை வைத்து, மற்ற இரு முனைகளையும் அடைத்து, பூட்டிய நிலையிலும் திறந்த நிலையிலும் இழுத்துப் பாருங்கள். இரண்டிலும் முள் நிற்க வேண்டும். உள்ளே கசிவைத் தடுக்கும் சீல் தேய்ந்த வால்வு எந்த நிலையிலும் மெல்ல வடித்துக்கொண்டே இருக்கும். இரவில் சேமிப்பு காலியாகும் புகாருக்கு இது அடிக்கடி காரணமாகிறது. இரவு நேரத்தில், சாலைச் சத்தம் அடங்கிய பிறகு, ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகே பிடித்து மறுமுனையை வால்வின் பக்கம் கொண்டுபோனால் மெல்லிய சீறல் கேட்கும்.

கதவுக்குள்

எந்தக் கதவு என்று தெரிந்த பிறகே டோர் பேடைக் கழற்ற வேண்டும். கண்ணாடியை முழுவதும் ஏற்றிவிட்டு, கைப்பிடியின் திருகாணிகளையும் கண்ணாடி சுற்றும் பிடியையும் உட்கைப்பிடியின் சட்டத்தையும் எடுத்து, பூட்டுக் குமிழைச் சுழற்றிக் கழற்றி, விளிம்புக் கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவித்து மேல்நோக்கித் தூக்கினால் பேடு வந்துவிடும். இரும்புத் திருப்புளியால் நெம்புவதைவிட, முனை மழுங்கிய மரப்பட்டையோ பிளாஸ்டிக் நெம்பியோ நல்லது.

உள்ளே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு ஒட்டியிருக்கும். அது அலட்சியமாகக் கிழித்தெறியத்தக்கது அன்று. கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைநீர் பேடின் அட்டையை நனைக்காமல் காப்பது அதுதான். கிழிந்திருந்தால் தடித்த பாலிதீன் தாளில் அதே அளவுக்கு வெட்டி ஒட்டிவிடுங்கள்.

முதலில் கதவின் கீழ்விளிம்பிலுள்ள நீர்வடி துளைகளைக் கம்பியால் குத்தித் திறக்க வேண்டும். தனுஷ்கோடிப் பக்கம் அடிக்கடி ஓடும் வண்டியாக இருந்தால் அங்கிருந்து ஒரு கைப்பிடி வெள்ளை மணலாவது கொட்டும். மணலும் உப்புநீரும் சேர்ந்து தேங்கும் கதவில் அடித்தகடே உதிர்ந்துவிடும். பூட்டைச் சரிசெய்ய வந்தவர் டிங்கரிடம் போக நேரும்.

அடுத்து, கதவுக்கும் உடலுக்கும் இடையே கீல் அருகே குழாய் வளையும் இடத்தைப் பாருங்கள். ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் வளைந்து நிமிரும் இடம் அது. நைலான் அங்கே வெண்மையாக வெளிறி, பிறகு விரிசல் விடும். விரிசல் இருந்தால் அந்தப் பகுதியை வெட்டியெடுத்து, இடையில் வளையக்கூடிய ரப்பர் குழாயைச் செருகலாம். குழாய் ரப்பருக்குள் இரு பக்கமும் நன்றாக நுழைந்திருக்க வேண்டும். பசையால் ஒட்டிச் சரிசெய்ய முயன்றால் பசை துளைக்குள் இறங்கி அடைத்துவிடும்.

ஆக்சுவேட்டர் இரண்டு திருகாணிகளால் பிடிக்கப்பட்டு, ஒரு கம்பியால் பூட்டோடு இணைந்திருக்கும். கம்பியைக் கழற்றிவிட்டு ஆக்சுவேட்டரை மட்டும் இழுத்துப் பார்த்தால், கசிவா இறுக்கமா என்ற ஐயம் தீரும். தனியே நன்றாக இழுத்துப் பிடித்து நின்று, பூட்டோடு சேர்த்ததும் திணறினால் குற்றம் பூட்டின் பொறியில் இருக்கிறது. துரு நீக்கும் மெல்லிய எண்ணெயைத் தெளித்து, பலமுறை அசைத்து, அழுக்கைத் துடைத்துவிட்டு, வெள்ளை லித்தியம் கிரீஸ் சிறிதளவு தடவினால் பெரும்பாலும் விடுபடும். தெளிக்கும் எண்ணெய் ஆக்சுவேட்டரின் ரப்பர்மேல் படக் கூடாது. ரப்பருக்கு வேண்டுமானால் சிலிகான் கிரீஸ் மட்டும். பூட்டுக்குள் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. முதல் வாரம் அது அருமையாக வேலை செய்யும். பிறகு மணலையும் சேர்த்துக்கொண்டு, முன்பைவிட மோசமாக இறுக்கிவிடும்.

உதிரிபாகங்கள்

கசிவுகளில் பெரும்பகுதி ரப்பர் இணைப்புகளில்தான் இருக்கும். டயாபிராம் அடுத்த இடம். நைலான் குழாய் எலி கடிக்காதவரை நீடிக்கும். ஆகவே ஓர் இணைப்பு வெடித்திருப்பது தெரிந்தால், கைக்கெட்டும் எல்லா இணைப்புகளையும் ஒரே நாளில் மாற்றிவிடுவதே சிக்கனம். ஒரே வயதுடைய ரப்பர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும்.

ஆக்சுவேட்டருக்கும் தலைமை வால்வுக்கும் சென்னைப் புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ பழைய பாகம் தேடலாம். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்தவர்களுக்கு வேறொரு வழியும் எளிது: ஷார்ஜாவின் தொழிற்பகுதியில் பழைய கார் உதிரிபாகச் சந்தை பெரியது, அங்குள்ள உறவினர் ஊருக்கு வரும்போது ஒரு பையில் எடுத்துவரும் அளவுதான் இந்தப் பாகங்கள். பழைய பாகம் வாங்கினால் கைபம்பால் இரு அறைகளையும் இழுத்துப் பார்த்த பிறகே பணம் கொடுக்கச் சொல்லுங்கள். முன்கதவு, பின்கதவு, இடது, வலது என்று வடிவம் மாறும் என்பதால், கழற்றிய பாகத்தில் அச்சிட்டுள்ள எண்ணைப் படமெடுத்து அனுப்புவது அலைச்சலைத் தவிர்க்கும்.

பாகம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பழுதான கதவின் இரண்டு கிளைகளையும் விரிப்புக்கு அடியிலுள்ள இணைப்பில் அடைத்துவிட்டால் மற்றக் கதவுகள் இயங்கும், என்ஜினும் உடனே நிற்கும். அந்த ஒரு கதவை மட்டும் கையால் பூட்டிக்கொள்ளலாம். பின்னிருக்கையில் குழந்தைகள் ஏறும் வண்டியாக இருந்தால், அந்தக் கதவின் குமிழ் ஓட்டுநர் கதவோடு சேர்ந்து மேலே வராது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

டபிள்யூ 124 வண்டியாக இருந்தால்

1980களின் நடுவில் வந்து, பின்னர் 1990களில் புனேயிலும் தயாரான டபிள்யூ 124 வண்டிகளில் பூட்டுக்கு என்ஜினோடு தொடர்பில்லை. பின் இருக்கைக்கு அடியில் நுரைப்பெட்டிக்குள் வைத்த மின்பம்பு ஒன்று, பூட்டும்போது உறிஞ்சியும் திறக்கும்போது ஊதியும் ஒரே குழாய் வழியாக வேலை செய்கிறது. ஆகையால் ஒவ்வோர் ஆக்சுவேட்டருக்கும் ஒரு குழாய் மட்டுமே. இங்கே காதுதான் முதல் கருவி. நல்ல நிலையில் பம்பு சில நொடிகளில் ஓய்ந்துவிடும். அரை நிமிடம்போல் முனகிவிட்டு நிற்கிறது என்றால் எங்கோ கசிகிறது, பம்பு தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிட்டது. அப்படித் தினமும் ஓடவிட்டால் பம்பே தேய்ந்துவிடும் என்பதால், இந்த வண்டியில் கசிவைத் தள்ளிப்போடுவது கூடுதல் செலவு. பம்பு ஓடவே இல்லை என்றால் பியூசையும் கதவுக் கீலருகே ஒடிந்த மின்கம்பியையும் சுவிட்சின் பச்சைபூத்த முனைகளையும் பார்க்க வேண்டும். கிளைகளைத் தனித்தனியே இழுத்துச் சோதிக்கும் முறை இங்கும் அதேதான்.

மின்பூட்டுக்கு மாற்றும் யோசனை

ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைகளில், குழாய்களையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு நான்கு கதவிலும் மலிவான மின்மோட்டார் வைத்துவிடலாம் என்று சொல்வார்கள். தொலைவிலிருந்தே பூட்டும் சாவி கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் மண்டபத்திலோ பாம்பனிலோ கடலைப் பார்த்து நிற்கும் வண்டியில், கதவின் அடியில் வைத்த மோட்டாரின் இணைப்பு முனைகள் எவ்வளவு விரைவில் பச்சை பூக்கும் என்பதை மீன்பிடிப் படகின் மின்னிணைப்பைப் பார்த்தவர் அறிவார். நைலான் குழாய்க்கு உப்பு ஒரு பொருட்டே இல்லை. ரப்பரை ஒருமுறை ஒழுங்காக மாற்றிவிட்டால் மூல ஏற்பாடே நெடுநாள் உழைக்கும் என்பது என் கருத்து. அப்படியும் மாற்றுவதாக முடிவெடுத்தால், பூட்டுக்கான கிளையை என்ஜின் அறையிலேயே உறுதியாக அடைக்கச் சொல்லுங்கள்; திறந்தே விட்டுவிட்டால் என்ஜினை நிறுத்த முடியாமல் போகும்.

டேங்க் மூடி திறக்காதபோது

கசிவு முற்றிய வண்டியில் ஒரு நாள் பெட்ரோல் பங்கில் டேங்க் மூடி திறக்க மறுக்கும். வெளியிலிருந்து நெம்பினால் மூடியின் பெயிண்டும் விளிம்பும் போய்விடும். டிக்கியைச் சாவியால் திறந்து, டேங்க் மூடி இருக்கும் பக்கத்து உட்புற மறைப்பை விலக்குங்கள். மூடியைப் பிடித்திருக்கும் ஆக்சுவேட்டரின் கம்பி அங்கே தெரியும். ஒருவர் அதை விரலால் பின்னுக்கு இழுத்துப் பிடிக்க, மற்றொருவர் வெளியிலிருந்து மூடியைத் திறக்க வேண்டும். டீசல் நிரப்பிய பிறகு அந்த ஆக்சுவேட்டரின் குழாயைக் கழற்றி அடைத்து, கம்பியைப் பின்னுக்கு இழுத்த நிலையிலேயே ஒரு நூலால் கட்டிவைத்துவிட்டால், புதிய ஆக்சுவேட்டர் கிடைக்கும்வரை மூடி பூட்டாமல் சும்மா மூடியிருக்கும்.